எவ்வளவு வாங்கினாய்

ஜூலை 6, ஞாயிறு

மகள் மதியை விடுதியில் விட்டுவிட்டு இப்போதுதான் திண்டுக்கல் வந்து சேர்ந்தோம். கரூரில் பஸ் மாறும்போது ஜெயக்கொடி சீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. கால் மரத்துவிட்டதாம். அழுதுகொண்டிருந்தாள் என்று இங்கே எழுதினால் நாளைக்கு எடுத்துப் படித்துவிட்டு மனைவி என்ற உரிமையில் சண்டைக்கு வருவாள். ஆகவே கால்தான் மரத்துவிட்டது.

பயிற்சி மையம் நன்றாகத்தான் இருக்கிறது. சுற்றிலும் சோளக்காடு, நடுவில் நான்கு மாடிக் கட்டடம், மாடிக்கு மாடி கம்பி வலை. போன தடவை நீட் தேர்வில் கோட்டைவிட்ட பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, அடுத்த தேர்வுவரை உட்காரவைத்துப் படிக்கவைக்கிறார்கள். செல்போன் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வார்டன் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம், அதுவும் ஸ்பீக்கரில் போட்டு. "நாங்களும் பக்கத்துல உக்காந்து கேப்போம் சார். பாசம் ஜாஸ்தியானா படிப்பு நின்னுரும்" என்றார் வார்டனம்மா. எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஜெயக்கொடிக்குப் படவில்லை. அவளுக்கு எதுதான் படுகிறது?

தாளாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். நான் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார் என்று தெரிந்ததும் காபி வந்தது. ‘கெட்’ என்கிற ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். ஒரு சொல்லுக்கு ஒரு புத்தகமா என்று வாயைப் பிளந்தார். வாயைப் பிளக்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். வீட்டில் அந்த வசதி இல்லை. ஜெயக்கொடி அதற்குக் ‘கெட்ட புஸ்தகம்’ என்று பேர் வைத்திருக்கிறாள்.

கிளம்பும்போது மதி கேட் வரைக்கும் வந்தாள். அழவில்லை. பி.ஏ. இங்கிலீஷில் சேர்த்துவிட்டிருந்தால் இந்நேரம் உங்கள் புத்தகத்துக்கு ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்றாள். அந்தப் படிப்பை நான் படித்துப் பார்த்தாயிற்று, அதில் ஒன்றும் இல்லை என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

ஜூலை 9, புதன்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் புகைந்துவிட்டது. காயில் கட்டுகிற மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவருடைய நாளை எப்போதும் அடுத்த வாரத்தில்தான் இருக்கும். தெருக்குழாயில் நான் குடத்தோடு நின்றதை எதிர்வீட்டுத் தாசில்தார் மாடியிலிருந்து பார்த்தார். அவர் மகள் போன வருடம் மெடிக்கல் சேர்ந்தாள். அதிலிருந்து அவர் எல்லாவற்றையும் மாடியிலிருந்துதான் பார்க்கிறார்.

பள்ளி விட்டு வந்து புத்தகத்தில் ஒரு அத்தியாயம் முடித்தேன். இங்கிலீஷ்காரனிடம் இருப்பது ஒரே வேட்டி, கல்யாணத்துக்கும் அதுதான், இழவுக்கும் அதுதான் என்று ஆரம்பித்திருக்கிறேன். கடிதம் வந்தாலும் கெட், காய்ச்சல் வந்தாலும் கெட், வேலை கிடைத்தாலும் கெட், வயதானாலும் கெட். நமக்கு அப்படியா? பெறுவது வேறு, அடைவது வேறு, கிடைப்பது வேறு, வாங்குவது வேறு. கிடைப்பதில் நம்முடைய பங்கு ஒன்றும் இல்லை. அது தானாக வந்து விழுகிறது. வாங்குவதற்குக் கையை நீட்டவேண்டும்.

மதி இருந்தால் இதற்குச் சண்டைக்கு வந்திருப்பாள். பத்தாவது படிக்கும்போதே வந்தவள்தான். ‘வாங்கு’ மட்டும் என்னவாம் என்று கேட்டாள். கத்தரிக்காய் வாங்குகிறோம், மார்க் வாங்குகிறோம், மாடியேறினால் மூச்சு வாங்குகிறது, பகையாளி பழி வாங்குகிறான், முதலாளி வேலை வாங்குகிறான், மக்குப் பையன் அடி வாங்குகிறான். நம்ம வேட்டியும் ஒன்றுதான் அப்பா என்றாள். அவள் சொன்னதையே ஒரு பக்கமாக எழுதிப் புத்தகத்தில் சேர்த்துவிட்டேன். அது ‘மதி பக்கம்’ என்றுதான் வீட்டில் பேர். முன்னுரையில் அவள் பேரைப் போடவேண்டுமாம். போடலாம், மெடிக்கல் சேர்ந்த பிறகு.

ஜூலை 13, ஞாயிறு

முதல் போன். ஜெயக்கொடி மத்தியானத்திலிருந்தே செல்லை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒவ்வொரு சனிக்கிழமையும் தேர்வு. "எவ்வளவு வாங்குன?" என்றேன். முன்னூற்று எண்பது என்றாள். எழுநூற்று இருபதுக்கு இது போதாது என்றேன். தெரியும்பா என்றாள். ஜெயக்கொடி செல்லைப் பிடுங்கிச் சாப்பிட்டியா, தூங்குனியா, தலைக்கு எண்ணெய் வச்சியா என்று ஆரம்பித்துவிட்டாள். கொடுத்த நேரம் அதிலேயே முடிந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

"இந்த வாரம் நெறைய வாங்குனேன்பா" என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். எண்ணவே முடியவில்லை என்றாள். பேச்சுக்குப் பேச்சு விளையாட்டு இவளுக்கு. சபாஷ், இப்படியே வாங்கு என்றேன். பின்னால் வார்டனம்மா சிரிப்பது கேட்டது. அந்த அம்மாவுக்கும் சந்தோஷம் போலிருக்கிறது.

தாசில்தாரிடம் சொல்லிவிட்டேன். மாடியிலிருந்தே தலையசைத்தார்.

ஜூலை 21, திங்கள்

மையத்திலிருந்து மார்க் மெசேஜ் வந்திருக்கிறது. முன்னூற்று நாற்பத்தொன்று. போன வாரத்தைவிடக் குறைவு.

என் மகள் பொய் சொல்லப் பழகிக்கொண்டாள். தாசில்தாரிடம் வேறு சொல்லித் தொலைத்துவிட்டேன். பள்ளியில் இன்றைக்கு எதிர்ப்பட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

போனை எடுத்ததும் பிடித்து உலுக்கிவிட்டேன். நிறைய வாங்கினேன் என்று எப்படிச் சொல்லலாம், அப்பனிடமே பொய்யா என்றேன். அவள் பதற்றப்படவே இல்லை. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, டிக்டேஷன் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

"பொய் இல்லப்பா. நெசமாவே வாங்குனேன். இந்த வாரம் அதவிடக் கூட. எல்லாம் இடது கையிலயே வாங்குனேன்."

இடது கையாலேயே வாங்கினாளாம்! அவ்வளவு சுலபமாம்! இந்தத் திமிருக்குத்தான் மார்க் இறங்குகிறது. போதாக்குறைக்கு இலக்கணமும் தகராறு. "கையிலயே இல்ல, கையாலயேன்னு சொல்லணும்" என்று திருத்தினேன்.

"இல்லப்பா. கையிலதான்" என்றாள்.

பக்கத்தில் யாரோ நேரமாயிற்று என்றார்கள். ஜெயக்கொடிக்குப் பேசக் கிடைக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எவ்வளவு வாங்கினாய் என்று இன்றைக்கு நான் கேட்கவில்லை. அவளே பேசினாள். "அப்பா, உங்க புக்குல நான் சொல்லி எழுதுன பக்கம் இருக்குல்ல, அத எடுத்துப் பாருங்க. கடைசி வரிய. அததான் நான் வாங்கிட்டு இருக்கேன்" என்றாள். அதற்குள் வார்டனம்மா குறுக்கே வந்து, கதைப் புத்தகமெல்லாம் இப்போது வேண்டாம் சார், பரீட்சை முடியட்டும் என்றார். சரி என்றேன். அவர் சொல்வதும் நியாயம்தானே.

ஆகஸ்ட் 4, திங்கள்

அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். ‘மூச்சு’ என்பதில் ஒரு ‘ச்’ விழுந்துபோயிருந்தது. திருத்தினேன். வேறு ஒன்றும் இல்லை.

சரியாகத் தூங்கவில்லை. புழுக்கம்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜெயக்கொடி சோறு போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் விவகாரம் என்று அர்த்தம். பிள்ளை நம்மிடம் என்னவோ சொல்கிறாள், ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்றாள். தீபாவளிக்கு முன்னால் பெற்றோர் யாரும் வரக்கூடாது என்பது அங்கே விதி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். போனால் அவள் மனசு கலைந்துவிடும் என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?" என்று கேட்டாள்.

மாடியில் மிளகாய் காய்கிறது, மழை வரும்போலத் தோன்றுகிறது என்றேன். போய் எடுத்துக்கொண்டு வந்தாள். மழை வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேசினாள். மார்க் மெசேஜில் வரும்பா என்றாள். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

தாளாளர் போன் செய்தார். அவரே செய்தார்! புத்தகத்தை மையத்தின் செலவிலேயே அச்சடித்து எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரதி கொடுக்கப்போகிறாராம். ஆசிரியர் தினத்தன்று அங்கேயே வெளியீடு. நான்தான் சிறப்பு விருந்தினர். இத்தனை வருடச் சர்வீஸில் எந்தத் தலைமையாசிரியரும் என்னை மேடையில் உட்காரவைத்ததில்லை. மேடைக்கு நாற்காலி தூக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன வாரம் நான் முடித்து அனுப்பிய கையெழுத்துப் பிரதியை முழுக்கப் படித்திருக்கிறார். அதுவே பெரிய விஷயம். ஒரே ஒரு சின்னத் திருத்தம் கேட்டார். ‘வாங்கு’ பற்றிய பக்கத்தில் கடைசியில் ‘அடி வாங்கினான்’ என்று ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. "பிள்ளைங்க கையில போற புக்கு சார். நெகட்டிவா எதுக்கு? பரிசு வாங்கினான்னு போட்டுருங்களேன்" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குள் அச்சுக்குப் போகவேண்டுமாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாற்றிவிட்டேன். பரிசு வாங்கினான். ஒரு எடுத்துக்காட்டுதானே, இதனால் தமிழ் ஒன்றும் இளைத்துவிடாது. படிக்கிறவர்களுக்கும் உற்சாகமாக இருக்கும்.

மோட்டார் சரியாகிவிட்டது. சாயங்காலம் ஜெயக்கொடி எதையோ கேட்டாள், எரிந்து விழுந்தேன். என்ன கேட்டாள் என்று இப்போது நினைவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மெசேஜ்: நானூற்று ஐம்பத்தைந்து. ஏறுகிறது! கொஞ்சம் கண்டிப்பு இருந்தால்தான் பிள்ளைகள் தேறும். இது ஊருக்கே தெரிந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

விழா. புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். விருந்தினருக்கு மட்டும்தான் அனுமதி என்பதால் ஜெயக்கொடியைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. அவளும் கெட்ட புஸ்தகத்துக்கெல்லாம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மதிக்கென்று ஒரு டப்பா நெய் உருண்டை கொடுத்தனுப்பினாள். கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளித் தின்பண்டம் கூடாதாம்.

நல்ல கூட்டம். பிள்ளைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இருமல்கூட இல்லை. என் பள்ளியில் பிரேயர் நேரத்தில்கூட இந்த அமைதியைப் பார்த்ததில்லை. முதல் பிரதியை என் மகளே வாங்கிக்கொள்வாள் என்று தாளாளர் மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். மதி மேடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். படிக்கிற பிள்ளை இளைக்கத்தான் செய்யும்.

புத்தகத்தை நீட்டினேன். ஒற்றைக் கையால் வாங்கினாள். இடது கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தாள். பெரியவர்கள் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையையும் நீட்டி வாங்கவேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அத்தனை பேர் முன்னால், போட்டோ எடுக்கும்போது, எனக்கு அவமானமாக இருந்தது. "ரெண்டு கை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். கையை வெளியே எடுக்கவில்லை.

நான் ‘கெட்’ பற்றிப் பேசினேன். நன்றாகவே பேசினேன். வேட்டி உதாரணத்துக்குத் தாளாளர் சிரித்தார். பிள்ளைகள் அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். மதி புத்தகத்தை மடியில் வைத்து ஒரு கையாலேயே புரட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கத்தில் நின்றாள். எந்தப் பக்கம் என்று அவ்வளவு தூரத்திலிருந்து எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் மூடிவிட்டாள். நான் பேசி முடிக்கிறவரைக்கும் நிமிரவே இல்லை.

தனியாகப் பேச விடவில்லை. நானும் கேட்கவில்லை. சால்வை போர்த்தினார்கள். வீட்டில் வந்து அதை ஜெயக்கொடியிடம் காட்டினேன். "புள்ள எப்படி இருக்கா?" என்றாள். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

"எவ்வளவு வாங்குன?" என்றேன். "ஐநூத்தி மூணு கிடைச்சுதுப்பா" என்றாள். மார்க்குக்கு வாங்கு என்றுதான் சொல்லவேண்டும் என்று திருத்தினேன். சரிப்பா என்றாள். வரவர ரொம்ப மரியாதையாகப் பேசுகிறாள். புத்தகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். நல்லா இருந்துச்சுப்பா, தப்பே இல்லாம இருந்துச்சு என்றாள்.

ஜெயக்கொடி கூடவே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளை இப்போதெல்லாம் உங்களைக் கேலியே பண்ணுவதில்லையே, ஏன் என்றாள். வளர்ந்துவிட்டாள் என்றேன்.

செப்டம்பர் 29, திங்கள்

ஐநூற்று நாற்பத்தொன்று. தாசில்தார் இன்றைக்கு மாடியிலிருந்து இறங்கி வந்து கைகொடுத்தார்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஜெயக்கொடி காலையில் கரூரில் சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் பள்ளி விட்டு வந்து, நேற்றைய குழம்பைச் சுடவைத்து, கொஞ்சம் தீயவிட்டு, உட்கார்ந்திருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் ஆட்டோ சத்தம் கேட்டது. ஜெயக்கொடி இறங்கினாள். பின்னாலேயே மதி.

மையத்துக்குத்தான் போயிருக்கிறாள். பார்க்க விடமாட்டோம் என்றிருக்கிறார்கள். பிள்ளையின் பெரியப்பா செத்துப்போய்விட்டார், எடுப்பதற்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கேட்டிலேயே தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்திருக்கிறாள். எனக்கு அண்ணனே கிடையாது. ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்ததும் அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வந்ததும் அவள் எதையும் சொல்லவில்லை. மதியின் இடது கையை எடுத்து டியூப்லைட் வெளிச்சத்தில் என் முன்னால் வைத்தாள். "பாருங்க" என்றாள்.

விரல்கள் வீங்கிக் கன்றிப்போயிருந்தன. மோதிர விரல் நடுவில் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மடக்கச் சொன்னேன். மடக்க முடியவில்லை.

ஒவ்வொரு தவறான விடைக்கும் இரும்பு ஸ்கேலால் ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் விடைத்தாள் வந்ததும் வரிசையில் நின்று, வார்டன் மேஜைமேல் இடது கையை நீட்டவேண்டுமாம். எழுதுகிற கையை மட்டும் தொடமாட்டார்களாம். அந்த மட்டும் விவரமானவர்கள். மறுநாள் அதே மேஜையிலிருந்துதான் வீட்டுக்குப் போன்.

என்னால் சாப்பிட முடியவில்லை. தீய்ந்த குழம்பை ஜெயக்கொடி சாக்கடையில் கொட்டினாள். மதிக்கு அவளே பிசைந்து ஊட்டினாள். பதினெட்டு வயதுப் பெண் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வாசலுக்குப் போய்விட்டேன்.

அக்டோபர் 8, புதன்

எலும்பு டாக்டரிடம் போனோம். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பழைய முறிவு, எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது என்றார். மறுபடி உடைத்துத்தான் சேர்க்கவேண்டும். அதற்கப்புறமும் பழையபடி மடங்கும் என்று சொல்வதற்கில்லை. எப்போது அடிபட்டது என்று கேட்டார்.

"ஜூலை கடைசில சார்" என்றாள் மதி.

"அப்பவே வந்திருந்தா ஒரு கட்டுல சரியாயிருக்கும். வீட்ல யார்ட்டயும் சொல்லலையாம்மா?"

"சொன்னேன் சார்."

டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்க வெளியே போனேன்.

அக்டோபர் 10, வெள்ளி

தாளாளர் பேசினார். ஒரு இடத்தில்கூடக் குரலை உயர்த்தவில்லை. உங்கள் பிள்ளை இன்றைக்கு ஐநூறைத் தாண்டியிருக்கிறாள், எப்படித் தாண்டினாள் என்று நினைக்கிறீர்கள் என்றார். நீங்களும் வாத்தியார்தானே, உங்களுக்குத் தெரியாததா என்றார். டாக்டர் செலவை மையம் ஏற்றுக்கொள்ளும். அடுத்த வருடம் மற்ற கிளைகளிலும் உங்கள் புத்தகத்தைப் பாடமாக வைக்கலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. ஒரு குடும்பமாக இருந்துவிட்டோம், வெளியே கொண்டுபோக வேண்டாம் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செல்லை வைத்ததும் ஜெயக்கொடி சமையல்கட்டிலிருந்து வந்தாள். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள். அவரை அப்போதே நான்கு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். இப்போது எனக்கு நாற்பது வார்த்தை தோன்றுகிறது. எல்லாம் நல்ல வார்த்தைகள்.

அக்டோபர் 13, திங்கள்

ஜெயக்கொடி மதியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். நானும் சட்டையை மாட்டினேன். வரவேண்டாம் என்றாள். எஸ்.பி. வரைக்கும் போகிற விஷயம், புகாரை இங்கிலீஷில் நன்றாக எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

"எங்களுக்குத் தமிழே போதும்" என்றாள்.

மாட்டின சட்டையோடு அவர்கள் திரும்பி வருகிறவரைக்கும் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். புகாரை எடுத்துக்கொண்டார்கள். அதிலே என் பேர் எங்கேயாவது வருகிறதா என்று கேட்டேன். தகப்பனார் பேர் என்ற இடத்தில் வருகிறது என்றாள்.

அக்டோபர் 15, புதன்

விரலை உடைத்துச் சேர்த்தார்கள். மயக்கம் தெளியும்போது அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. ஜெயக்கொடி அடுப்பில் முறுக்கு போட்டுக்கொண்டிருந்தாள். மதி கூடத்தில் தலையணைமேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் என்னிடம் பேசாமல் இல்லை. காபி வேணுமா என்றால் வேணாம்பா என்பாள், ஃபேனைக் குறைக்கவா என்றால் சரிப்பா என்பாள். எனக்குத்தான் அவள் முன்னால் உட்கார முடியவில்லை. இன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அடுத்த வருடம் பி.ஏ. இங்கிலீஷே சேர்ந்துகொள், நானே எந்தக் காலேஜ் நல்லது என்று விசாரித்து வைக்கிறேன் என்றேன். பாப்போம்பா என்றாள்.

"அந்தப் பக்கத்துல ஒரு வரி மாறியிருந்துச்சுப்பா" என்றாள்.

அச்சகத்தில் இடம் போதவில்லை என்று ஆரம்பித்தேன். அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. அவள் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். நான் போன்ல சொன்னது உங்களுக்கு எப்பப் புரிஞ்சுது?"

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. ஜெயக்கொடி காது கொடுக்கிறாள் என்று தெரிந்தது. ஒரு பதிலைச் சொன்னால் நான் முட்டாள். இன்னொரு பதிலை இந்த டைரியில்கூட எழுதமாட்டேன். முட்டாள் என்ற பேரோடு மகளுக்குத் தகப்பனாக இருந்துவிடலாம். எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

"அம்மா உன்னயக் கூட்டிட்டு வந்தாள்ல, அன்னிக்குத்தாம்மா. சத்தியமா அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணுமே புரியல."

மதி என் முகத்தையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை, கோபமும் இல்லை. கட்டுப் போட்ட கையைத் தலையணையோடு கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா" என்றாள். "நீங்க அவ்வளவு மக்கு இல்ல."

என்னை யாரோ மட்டம் தட்டிப் பேசிவிட்டதுபோலவும், அவள் எனக்காகப் பரிந்து பேசுவதுபோலவும் இருந்தது.